இரண்டு பேராகப் போகிறோம்

ஏழைகளுக்கு உதவுகிற புனித வின்சென்ட் தே பவுல் சபை என்றதும் எங்கள் கத்தோலிக்கக் கோவில் பங்கில் பலருக்கும் ஞாபகம் வருவது கோவில் வாசலில் இருக்கிற ஏழைகள் உண்டியலும், கிறிஸ்துமஸுக்குக் கொடுக்கிற சேலையும்தான். நான் அந்தச் சபையில் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. சேலை கொடுப்பது வருடத்தில் ஒரு நாள் வேலை. மற்ற நாட்களில் நாங்கள் வீடு சந்திக்கப் போகிறோம், அதைப் பற்றி யாருமே கேட்பதில்லை, அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

ஞாயிறு பூசை முடிந்து மறைக்கல்வி வகுப்பு நடக்கும் அறையில் பதினோரு பேர் கூடுவோம். செபம், சின்னதாக ஒரு வாசிப்பு, அப்புறம் போன வாரம் போன வீடுகள் எப்படி இருக்கின்றன என்று ஒவ்வொருவராகச் சொல்வது. கடைசியில் ஒரு துணிப்பை சுற்றி வரும். கையை மூடி உள்ளே விட்டு, மூடியபடியே வெளியே எடுக்க வேண்டும். ஐநூறு போட்டாரா ஒன்றுமே போடவில்லையா என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. எனக்கு வேலை இல்லாமல் இருந்த நான்கு மாதமும் வெறும் கையைத்தான் விட்டு எடுத்தேன், ஒருநாள்கூடக் கூசிப்போய் வெளியே வந்ததில்லை.

சபையை வின்சென்ட் அடிகளாரே தொடங்கினார் என்று நினைப்பவர்கள் நிறைய. அவர் 1660-லேயே இறந்துவிட்டார். சபை தொடங்கியது 1833-இல், பாரிஸில், பிரெடரிக் ஓசானம் என்ற மாணவரும் அவருடைய நண்பர்களும். ஓசானமுக்கு அப்போது வயது 20. அதற்கு முந்தின வருடம்தான் காலரா அந்த நகரத்தைச் சூறையாடியிருந்தது. எங்கே போவது, என்ன செய்வது என்று இந்தப் பையன்களுக்குத் தெரியவில்லை, ஏழைகள் குடியிருந்த மூஃப்தார் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்த ரோசலி என்ற அருட்சகோதரிதான் எந்த வீட்டுக்குப் போக வேண்டும், போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். வீடு தேடிப் போக வேண்டும் என்பதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் சபையின் முதல் வேலை. தனியாகப் போவதில்லை, எப்போதும் இரண்டு பேர். என்னோடு வருபவர் ஓய்வு பெற்ற ஆசிரியை, நான் டீச்சரக்கா என்று கூப்பிடுவேன்.

போன வருடம் ஒரு வீடு. பூச்சு வேலைக்குப் போகிற கொத்தனார், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். இரண்டு பிள்ளைகள். வாசல் நிலையில் மாரியம்மன் படம். எந்தச் சாமி கும்பிடுகிறார்கள் என்று நாங்கள் எந்த வீட்டிலும் பார்ப்பதில்லை. முதல் தடவை போனபோது அவர் மனைவி, அந்தத் தங்கச்சி, பாய் விரித்துப் போட்டு, “பரவாயில்லண்ணே, சமாளிச்சுக்கிறோம்” என்று மட்டும் சொன்னது. அடுத்த வாரம் அரிசி, பருப்பு, எண்ணெய் கொண்டுபோனோம், வாங்கிக்கொண்டது. மூன்றாவது தடவை போனோம். டீச்சரக்கா சின்னவளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே பள்ளிக்கூடக் கதை ஏதோ பேசிக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் இருக்கும். அந்தத் தங்கச்சி எழுந்து உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்து எங்கள் முன்னால் திறந்து வைத்தது. உள்ளே நான்கு குழுக்கடன் அட்டைகள், அடகுச் சீட்டு ஒன்று. செவ்வாய்க்கிழமை ஒருவருக்கு, வியாழக்கிழமை இருவருக்கு, சனிக்கிழமை ஒருவருக்கு. ஒரு தவணையைக் கட்ட இன்னொன்றை வாங்கி அது அப்படியே சுற்றிக்கொண்டிருந்தது. புருஷனுக்கே பாதிதான் தெரியும்.

நாங்கள் அரிசியைக் கொடுத்துவிட்டு இரண்டாவது வாரத்தோடு நின்றிருந்தால் அந்த டின் அலமாரியிலேயே இருந்திருக்கும். சபை அந்த நான்கு கடனையும் அடைக்கவில்லை, அவ்வளவு பணம் எங்களிடம் ஏது? குழுத் தலைவிகளிடம் கூடவே போய் நின்று தவணைக்கு அவகாசம் கேட்டோம், இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள். நகை முழுகிப்போகாமல் இருக்க வட்டியை மட்டும் கட்டினோம். முதல்வர் காப்பீட்டு அட்டை இல்லாததால்தான் முதல் ஆபரேஷனையே கடன் வாங்கிச் செய்திருந்தார்கள், அதனால் வருடம் 1,20,000 ரூபாய்க்குள்தான் வருமானம் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்க டீச்சரக்கா மூன்று தடவை அலைந்தார். இந்த அலைச்சலுக்கு உடம்பில் தெம்புள்ள இளைஞர்கள் எங்களோடு வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை, எங்கள் பதினோரு பேரில் எட்டுப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள். பங்கு வாட்ஸ்அப் குழுவில் போட என்று என்னிடமும் கேட்டிருக்கிறார்கள், நான் ஒருபோதும் கொடுத்ததில்லை. அந்தப் பிள்ளைகள் நாளைக்கு அதே தெருவில்தானே சைக்கிள் ஓட்டப் போகிறார்கள்? நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு இருட்டின பிறகு போவதே அதற்காகத்தான்.

கொத்தனார் இப்போது ஊன்றுகோலோடு வாசல்வரை வருகிறார். சாரம் ஏற முடியாது, கம்பி வளைக்கிற இடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். காப்பீட்டு அட்டை இன்னும் கைக்கு வரவில்லை, ரேஷன் கார்டில் ஒரு பெயரும் ஆதாரில் ஒரு பெயருமாக எழுத்து மாறியிருக்கிறதாம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடியும் தாலுகா ஆபீஸ், டீச்சரக்கா நேற்றே போன் பண்ணி ஞாபகப்படுத்திவிட்டார்.