ரேடியேட்டரில் போர் தண்ணி ஊற்றாதீர்கள்

"நம்ம ஊர்ல என்ன பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்கு சார், பச்சைத் தண்ணியே போதும்." சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி வரை எந்த மெக்கானிக் ஷெட்டில் நின்றாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், ஆனால் தப்பு. இன்ஜின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவம்தான் கூலன்ட், தண்ணீர் உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. சீக்கிரம் கொதித்துவிடாமல் பார்த்துக்கொள்வதும், உள்ளே துரு ஏறாமல் தடுப்பதும்தான் நமக்கு வேண்டிய வேலை.

வேலூர்க்காரர்களுக்கு இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் போர் தண்ணி அப்படி. வீட்டில் கெய்சர் காயிலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சுண்ணாம்பு பூசினது மாதிரி வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருக்கும். சூடான இடத்தில்தான் அந்த உப்பு படியும், காரில் அதைவிடச் சூடான இடம் இன்ஜின் தலை. ரேடியேட்டரின் சின்னக் குழாய்களையும் அது கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிடும். இந்தப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரில் கலந்த கதை எல்லோருக்கும் தெரியும், 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும் அளவுக்குப் போன விஷயம். தண்ணீரில் குளோரைடு உப்பு ஏறினால் அலுமினியத்தை அரிக்கும், இன்றைய ரேடியேட்டர்கள் பெரும்பாலும் அலுமினியம்தான். நாம் வாயில் வைக்கத் தயங்குகிற தண்ணியை அதற்குள் ஊற்றலாமா?

சரி, எதை ஊற்றுவது? கடையில் இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று தண்ணீர் கலந்தே வருவது, அப்படியே ஊற்றலாம். இன்னொன்று கெட்டியானது, அதைப் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டரில் கலக்க வேண்டும். கெட்டியாகவே ஊற்றினால் நல்லது என்று நினைக்காதீர்கள், தண்ணீர் அளவுக்கு அது சூட்டை இழுக்காது. பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்தை நம்பி வாங்கவும் கூடாது. வண்டியோடு வந்த புத்தகத்தில் எந்த வகை என்று போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள்.

வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், பாதிக்குப் பாதி கலவை 107 வாக்கில். குக்கர் வெயிட் மாதிரி ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் அதுவே 125-ஐத் தாண்டிப் போகும். ஆனால் அந்த மூடியை யாரும் கவனிப்பதே இல்லை. உள்ளே இருக்கிற ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ எவ்வளவு நல்ல கூலன்ட் ஊற்றியும் பிரயோஜனம் இல்லை. இந்த முழு சமாச்சாரத்திலேயே மலிவான சாமான் அதுதான், தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

காலையில் வண்டி எடுக்கும் முன் பானெட்டைத் திறந்து டேங்கில் கூலன்ட் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் ஹோஸை அமுக்கினால் ரப்பர் திரும்பி வர வேண்டும், சொதசொதவென்று அமுங்கினாலும் மொறுமொறுவென்று இருந்தாலும் அதன் காலம் முடிந்தது. கிளாம்ப் ஓரத்தில் உப்புப் பூத்த மாதிரி பச்சையாகவோ சிவப்பாகவோ கறை காய்ந்திருந்தால் அங்கே கசிகிறது, கீழே சொட்டு விழவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், சூட்டில் அது அப்போதே காய்ந்துவிடும். ஏசி கன்டன்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பதால் இரண்டுக்கும் நடுவில் தூசியும் பூச்சியும் சேரும். அக்னி நட்சத்திரத்தில் கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஏசியோடு நிற்கும்போது இன்ஜின் சூடேறித்தான் அது தெரியவரும். சாதாரண ஹோஸ் பைப்பில் மெதுவாகக் கழுவினால் போதும், பிரஷர் வாஷர் வைத்தால் தகடு மடங்கிவிடும்.

கூலன்ட்டை நீங்களே மாற்றுவதாக இருந்தால் இன்ஜின் முழுக்க ஆறின பிறகு செய்யுங்கள். சூட்டில் மூடியைத் திறந்தால் முகத்தில் பீறிடும், இதில் அவசரமே கூடாது. புதுசை ஊற்றியதும் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் ஃபேன் ஓடும் வரை இன்ஜினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். அப்புறம் ஆறினதும் குறைந்ததை நிரப்புங்கள். வடித்த பழசைத் தெருவில் கொட்டவே கொட்டாதீர்கள். கூலன்ட்டில் இருக்கிற எத்திலீன் கிளைகால் தித்திப்பாக இருக்கும், நாய் நக்கினால் கிட்னி போய் செத்துவிடும். மூடின கேனில் பிடித்து சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடலாம்.

ஏலகிரி 14 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது டெம்பரேச்சர் முள் மேலே போனால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுசாகத் திறந்து, ஓரம் கட்டக் கிடைக்கும் முதல் இடத்திலேயே நிறுத்துங்கள். நன்றாக ஆறின பிறகு கையில் இருக்கிற குடிதண்ணீரை ஊற்றி மெதுவாக இறங்கலாம், அந்த அவசரத்துக்குத் தப்பில்லை. ஊர் வந்ததும் எங்கே கசிகிறது என்று பார்த்து, மொத்தத்தையும் வடித்து கூலன்ட் ஊற்றிவிட வேண்டும், அந்த வாரத்திலேயே.