முள்ளோடையில் மாமா கேட்ட கேள்வி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் தாய்மாமாவுக்கு நிணநீர்ப் புற்றுநோய் உறுதியான பிறகு, 21 நாளுக்கு ஒருமுறை அவரைப் புதுச்சேரிக்கு அழைத்துச் சென்று, கீமோ ஏற்றி முடித்ததும் வீடு கொண்டுவந்து சேர்ப்பது என் வேலையாயிற்று. மூன்றாவது முறை திரும்பும்போது, முள்ளோடையில் புதுச்சேரி எல்லையை ஒட்டியிருக்கும் மதுக்கடைகளைப் பார்த்தபடி, "நிறைய குடிக்கணும், நீர் நல்லாப் பிரியணும்னு டாக்டரே சொன்னாரே மாப்ளே, பீர் அதுக்கு நல்லதுதானே?" என்று கேட்டார். பின் இருக்கையில் அத்தை தூங்குவதுபோல் கண்ணை மூடியிருந்தார்.

கேள்வியில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. அவருக்கு ஏற்றும் மருந்துகளில் ஒன்றான சைக்ளோபாஸ்பமைடு உடலுக்குள் சிதையும்போது உண்டாகும் ஒரு பொருள் சிறுநீர்ப்பையின் உட்சுவரைப் புண்ணாக்கக்கூடியது. அது தேங்காமல் வெளியேறத்தான் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்கிறார்கள். ஆனால் பீர், உடலில் நீரைத் தக்கவைக்கும் ஹார்மோனை அடக்கி நீரைப் பிரியவைப்பதால், உடலை வறளச் செய்துவிடுகிறது. அதோடு முடிவதில்லை. சிவப்பு நிறத்தில் ஏறும் டாக்ஸோரூபிசினையும் வின்கிறிஸ்டினையும் உடைத்து வெளியேற்றுவது கல்லீரல். மதுவால் அது தளர்ந்திருந்தால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டிவரும். வின்கிறிஸ்டின் நம் ஊர் வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படுவது. நரம்பைத் தாக்கும் குணம் அதற்கு உண்டு, மதுவுக்கும் உண்டு. மாமா சட்டைப் பொத்தானைத் துளைக்குள் நுழைக்க முடியாமல் விரல்நுனியைத் தடவிக்கொண்டே நின்றதை அன்று காலையில்தான் பார்த்திருந்தேன்.

எனக்கு உறுத்தியது வேறு. முதல் நாள் "குடிப்பழக்கம் உண்டா?" என்று மருத்துவர் கேட்டபோது, அத்தையும் மகளும் அருகில் இருக்க, "எப்போதாவது" என்றார் மாமா. அத்தை மாத்திரை வாங்கப் போன இடைவெளியில்தான் வாரத்தில் நான்கு நாள் என்பது வெளிவந்தது. இந்தக் கேள்வியை நோயாளியைத் தனியாக வைத்துக் கேட்பதே சரி என்பது என் எண்ணம்; மனைவி முன்னால் எந்தக் கடலூர்க்காரர் உண்மையைச் சொல்வார்?

அத்தையின் கவலை தடுப்பூசி பற்றியது. ஐப்பசி மழையில் வீட்டில் எல்லோருக்கும் சளி. இவருக்கு ஃபுளூ ஊசி போடலாமா என்று கேட்டார். ஊசியாகப் போடும் ஃபுளூ தடுப்பு மருந்தில் உயிருள்ள கிருமி இல்லை என்பதால் அதனால் நோய் வராது. ஆனால் கீமோ தொடங்குவதற்குக் குறைந்தது 2 வாரம் முன்பே போட்டிருந்தால் பலன் கூடியிருக்கும். அவருக்குச் சேர்த்து ஏற்றும் ரிட்டுக்ஸிமாப், எதிர்ப்பொருளை உண்டாக்கும் அணுக்களையே துடைத்துவிடுவதால், இப்போது போட்டாலும் உடல் சரியாகப் பாடம் கற்காது. எனவே சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொண்டு அவருக்கு அரணாக இருப்பது நல்லது என்று மருத்துவர் சொன்னதும், நாங்கள் நால்வரும் கையை நீட்டினோம்.

அம்மை, தட்டம்மை போன்றவற்றுக்கான உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் சிகிச்சைக் காலத்தில் அவருக்குக் கூடவே கூடாது. பேரனுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் நாள் நெருங்கியபோதும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டோம். அதில் இருப்பது வலுவிழந்த, ஆனால் உயிருள்ள கிருமி. சில வாரங்கள் குழந்தையின் மலத்தில் வெளியேறும். தாத்தா மடியில் படுத்துக்கொண்டே துணியை நனைக்கும் பேரனைப் பிரித்துவைப்பதுதான் அந்த வீட்டில் பெரும்பாடாக இருந்தது.

ஆறு சுற்றும் முடிந்துவிட்டன. ரிட்டுக்ஸிமாப் ஏறியவர்கள் தடுப்பூசிகளுக்குப் பொதுவாக 6 மாதமாவது காத்திருக்க வேண்டும் என்பதால், கடைசி மருந்து ஏறிய நாளிலிருந்து எண்ணி அத்தை காலண்டரில் ஒரு தேதியை வட்டமிட்டு வைத்திருக்கிறார். மாமா தினமும் அதன் முன்னால் நின்று நாளை எண்ணுகிறார். எதற்காக என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.