பிங்கை அடைக்கப் போய்

'இருக்கிறாயா' என்று வெளியிலிருந்து வரும் பிங்குக்கு எங்கள் ரூட்டர் பதில் சொல்வதைத் தணிக்கைக்கு வந்தவர் குறையாக எழுதிவைத்துவிட்டுப் போனார். அலுவலகம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில். காப்பி, மிளகு வியாபாரம். சிஸ்கோ ரூட்டரில் உள்வரும் திசைக்கான ஆக்சஸ் லிஸ்ட்டின் (எதை விடலாம், எதை மறுக்கலாம் என்ற பட்டியல்) தலையில், பிங் பயணிக்கும் ஐசிஎம்பி நெறிமுறை முழுவதையும் மறுக்கும் ஒரே வரியைப் போட்டேன். பிங் நின்றது. ஐந்து நிமிட வேலை என்று டீ குடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் ஏற்காடு தோட்டத்திலிருந்து கணக்குப்பிள்ளை கூப்பிட்டார். "தம்பி, உள்ளே நுழைய முடிகிறது. மிளகு இருப்புப் பட்டியலைத் தொட்டால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது." மேலே பனிமூட்டம், கேபிள் நனைந்திருக்கும் என்றேன். மலை இணைப்பு என்றால் பழியைப் பனிமேல் போடுவது எனக்குப் பழக்கம்.

ஆனால் சின்னப் பக்கங்கள் நொடியில் வந்தன. பெரியவை மட்டும் தொங்கின. பனிக்கு அந்தப் பாகுபாடு தெரியாதே. மறுப்பு வரியில், தடுத்ததைக் குறித்துவைக்கும் லாக் சேர்த்துவிட்டு, மிளகுப் பட்டியலை மறுபடி திறக்கச் சொன்னேன். அவர் திறக்கத் திறக்க 3/4, 3/4 என்று வரிகள் விழுந்தன. ஐசிஎம்பி வகை 3, குறியீடு 4: 'பாக்கெட் பெரிது, பிரிக்காமல் அனுப்ப முடியாது' என்று வழியிலுள்ள ரூட்டர் திருப்பி அனுப்பும் செய்தி. ஏற்காட்டு இணைப்பு பிபிபிஓஇ என்ற வகை. அதில் ஒரு பாக்கெட் 1492 பைட்டுக்கு மேல் போகாது. எங்கள் சர்வரோ பிரிக்கக்கூடாது என்ற குறியோடு 1500 அனுப்புகிறது. குறைத்து அனுப்பு என்று வந்த தகவலை வாசலிலேயே கிழித்துப் போட்டது நான்தான்.

வகை 3-க்கு அனுமதி வரியைச் சேர்த்தேன். பலனில்லை. எண்ணிட்ட பட்டியலில் புதிய வரி கடைசியில் போய் உட்காரும்; மேலிருந்து கீழாகப் படிக்கும் ரூட்டர் மறுப்பு வரியைத் தாண்டுவதே இல்லை. இதுகூடத் தெரியாதவனா என்றால், தெரிந்தும் செய்தேன். முழுப் பட்டியலையும் திருப்பி எழுதினேன். வகை 3, நேரம் தீர்ந்ததைச் சொல்லும் வகை 11, நாங்கள் அனுப்பும் பிங்குக்கான பதிலான வகை 0 ஆகியவை முதலில் அனுமதி. அதன் பிறகே மற்ற ஐசிஎம்பிக்கு மறுப்பு. வெளியிலிருந்து வரும் பிங்கான வகை 8 அதில் அடங்கிவிடும். தணிக்கைக்காரர் கேட்டது அவ்வளவுதான்.

மிளகுப் பட்டியல் திறந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஏற்காட்டு ரூட்டரிலும் எம்எஸ்எஸ் அளவை (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவு) 1452 ஆக்கிவிடலாம் என்று சேலத்திலிருந்தே நுழைந்தேன். தவறினால் 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டுமே என்று, பத்து நிமிடத்தில் தானாக மறுதொடக்கம் ஆகும்படி முதலில் கட்டளை கொடுத்தேன். மாற்றம் சரியாக வேலை செய்தது. அந்த மகிழ்ச்சியில் சேமிக்கவுமில்லை, மறுதொடக்கத்தை ரத்து செய்யவுமில்லை.

"தம்பி, இப்போது எல்லாமே போய்விட்டது" என்றார் கணக்குப்பிள்ளை.