அம்மாவின் ஒற்றைத் தலைவலி

கோத்தகிரியில் இரண்டு நாளாக மூடுபனி. அம்மா இன்றும் கொழுந்து பறிக்கப் போகவில்லை. ஜன்னலைப் போர்வையால் மூடி, தலையில் துண்டை இறுக்கிக் கட்டிப் படுத்திருக்கிறார். "வேலைக்கு வராமலிருக்கச் சாக்கு" என்று யாரோ சொன்னது அவர் காதிலும் விழுந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

மூளைக்குத் தன் வலி தெரியாது. வலிப்பது அதைச் சுற்றியுள்ள உறை. முகத்துக்கு உணர்ச்சி தரும் டிரைஜெமினல் நரம்பின் கிளைகள் அந்த உறையிலும் ஓடுகின்றன. நரம்பு என்றால் சேதி கொண்டுபோகும் கம்பி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் தூண்டப்பட்டால் அதன் நுனியே சி.ஜி.ஆர்.பி., சப்ஸ்டன்ஸ் பி என்ற பொருட்களை வெளியே விடும். ரத்தக்குழாய்கள் விரியும், நீர் கசியும். கிருமியே இல்லாமல் அழற்சி! அது நரம்பை இன்னும் கூர்மையாக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அப்புறம் குனிந்தாலும் இருமினாலும் தலை தெறிக்கும்.

இந்த வழியைத் துலக்கிய நால்வருக்கு 2021-ல் மூளை ஆய்வுக்கான பிரெய்ன் பரிசு கிடைத்தது. சி.ஜி.ஆர்.பி.யின் வேலையைத் தடுக்கும் ஊசிக்கு அமெரிக்காவில் 2018-லேயே ஒப்புதல் தந்துவிட்டார்கள். சாக்குக்கு யாராவது ஊசி கண்டுபிடிப்பார்களா?

சரி, அம்மா எழுந்துவிட்டார். வரக்காப்பி கேட்கிறார்.