மூன்று மணி மாத்திரை

மாடிப்படி ஏறினாலே அம்மாவுக்கு நெஞ்சை அடைத்தது. டாக்டர் இதயத்துக்கு சிடி ஆஞ்சியோகிராம், அதாவது ரத்தக்குழாய் தெளிவாகத் தெரிய நரம்பில் டை என்ற மருந்தை ஏற்றி எடுக்கும் ஸ்கேன், எடுக்கச் சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆறு வருடம் முன்பு வயிற்று ஸ்கேனுக்கு டை போட்ட சில நிமிடங்களில் அவள் கழுத்தெல்லாம் தடித்து, உதடு வீங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

"எந்த டை?" என்றார் டாக்டர். தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பழைய ஃபைல்களை எல்லாம் தரையில் கொட்டித் தேடினேன். டிஸ்சார்ஜ் தாளின் அடியில் பேனாவால் கிறுக்கியிருந்தது: அயோஹெக்சால். அந்த ஒரு சொல்தான் எல்லாவற்றையும் சுலபமாக்கியது. அலர்ஜியைத் தடுக்க முன்கூட்டியே மாத்திரை கொடுப்பதோடு டையையும் மாற்றிப் போட்டால் அலர்ஜி திரும்ப வரும் வாய்ப்பு குறையும் என்றார். அன்று மூச்சுத் திணறியிருந்தாலோ பிபி இறங்கியிருந்தாலோ இந்த டை பக்கமே போகாமல் வேறு பரிசோதனை யோசித்திருப்பாராம்.

"எனக்கு இறாலும் ஆகாதே, ரெண்டுலயும் இருக்கற அயோடின்தானே காரணம்?" என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். இறால் ஒவ்வாமை அதிலுள்ள புரதத்தால் வருவது, டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பொறுமையாக விளக்கினார்.

ஸ்கேன் காலை 10 மணிக்கு. பிரட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 50 மில்லிகிராம், 13 மணி நேரம் முன்பு, 7 மணி நேரம் முன்பு, 1 மணி நேரம் முன்பு என்று மூன்று வேளை. அதாவது இரவு 9, விடியற்காலை 3, காலை 9. கடைசி வேளையோடு அலர்ஜி மருந்தான டைஃபென்ஹைட்ரமின் 50 மில்லிகிராம். மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுப்பினேன். பாதித் தூக்கத்தில், கண்ணைத் திறக்காமலே வாயை மட்டும் திறந்தாள். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. ஸ்டீராய்டு அதை ஏற்றிவிடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அடிக்கடி குத்திப் பார்த்தேன். ஏறத்தான் செய்தது. இரண்டு நாளில் இறங்கியது.

மாத்திரை போட்டாலும் சிலருக்கு அலர்ஜி வரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். அதனால் அட்ரினலின் ஊசியைப் பக்கத்திலேயே எடுத்து வைத்திருந்தார்கள். டை உள்ளே போனதும் உடம்பெல்லாம் சூடு பரவும், அது அலர்ஜி இல்லை என்று அம்மாவிடம் முதல் நாளே சொல்லி வைத்தது நல்லதாகப் போயிற்று. இல்லையென்றால் பயந்தே போயிருப்பாள். முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். நான் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடிப்புகூட வரவில்லை.

அன்று மாலையே ஒரு அட்டையில் ஒத்துக்கொள்ளாத டை, இப்போது ஒத்துக்கொண்ட டை, தேதி, என்ன ஆனது எல்லாம் எழுதி அம்மாவின் பர்ஸில் வைத்தேன். போனில் போட்டோவும் எடுத்து வைத்திருக்கிறேன்.