கோடை விடுமுறையில் பிள்ளைகளைப் படமெடுத்த அனுபவம்

என் அக்காளின் பிள்ளைகளையும் அவர்களோடு விளையாட வரும் அயல்வீட்டுப் பிள்ளைகளையும், பெற்றோரின் சம்மதத்தோடு, ஏப்ரல் முதல் படமெடுத்து வருகிறேன். வளர்ந்த பிறகு அவர்கள் பார்க்கும்போது இந்தக் கோடையின் வெயிலும் மணமும் நினைவுக்கு வர வேண்டும் என்பதே என் விருப்பம். முகம் மட்டும் அழகாக விழுந்த படங்கள் அதற்குப் போதவில்லை.

முதலில், குறுகிய பரப்பை மட்டும் நெருக்கிக் காட்டும் 85 மி.மீ. லென்ஸில் எடுத்தேன். பின்னணி முழுதும் கலங்கிப்போய், எந்த ஊரில் எடுத்த படம் என்றே சொல்ல முடியாத நிலை இருந்தது. அதன்பின் அகன்ற பரப்பைக் காட்டும் 35 மி.மீ. லென்ஸில், பின்னணியும் ஓரளவு தெளிவாக விழும்படி லென்ஸின் துளையை எப் 5.6 அளவுக்குச் சுருக்கி, இரண்டடி முன்னே சென்று எடுத்தபோது, கொல்லாமரத்தின் (முந்திரி மரத்தின்) தாழ்ந்த கிளையும், தரையில் உதிர்ந்துகிடந்த பழங்களும், துவைத்தாலும் போகாத அந்தப் பழச்சாற்றின் கறை படிந்த சட்டையும் முகத்தோடு சேர்ந்தே பதிந்தன. கோடையைச் சொல்வது அந்தக் கறைதான் என்று உறுதியாக நம்புகிறேன். அக்கானி (பதநீர்) நிறைந்த ஓலைப்பட்டையை இரு கைகளாலும் ஏந்திக் குடிக்கும் சிறுமியின் படத்தில் முகம் பாதி மறைந்திருக்கிறது; இதுவரை எடுத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுவே.

வெளிச்சத்துக்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டியிருந்தது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நம் குமரி மாவட்டத்தில் சூரியன் நண்பகல் 12.20 அளவில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேராக நிற்பதால், கண்குழிகளில் கரிய நிழல் விழுகிறது. தென்னந்தோப்புக்குள் சென்றால் ஓலை இடுக்குகளின் வழியே விழும் வெயில் முகத்தில் திட்டுத்திட்டாகப் படிகிறது. அடர்ந்த மாமர நிழலிலோ தோலில் பச்சை சாயல் ஏறுகிறது. ஆகவே காலை எட்டரைக்கு முன்பும் மாலை நாலரைக்குப் பின்பும் எடுக்கிறேன். இடைப்பட்ட நேரத்தில் வீட்டு இறவாரத்தின் நிழல் விளிம்பே போதும். சொத்தவிளைக் கடற்கரையில் மாலை வெயிலை எதிரே வைத்து எடுக்கும்போது, முகம் இருண்டுவிடாதிருக்க ஒளியளவை ஒரு படி கூட்டி, படத்தின் நிறச்சாயலைத் தீர்மானிக்கும் வெண்சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 5500 கெல்வினில் நிறுத்துகிறேன். இல்லாவிட்டால் கேமரா அந்தப் பொன்னிறத்தைக் குறைத்துவிடுகிறது. கள்ளக்கடல் (திடீரெனக் கடல் பொங்கிக் கரையேறுவது) எச்சரிக்கை உள்ள நாள்களில் கடற்கரைப் பக்கமே போவதில்லை.

குளத்தில் குதிப்பதை 1/1000 நொடியில் எடுத்தால் நீர்த்துளிகள் மணிமணியாக நிற்கின்றன. ஆனால் 1/125 நொடியில் கைகால்கள் சற்றே கலைந்து தெரியும் படங்களில்தான் அந்தக் குதியின் உற்சாகம் இருக்கிறது என்பது என் கருத்து.

"மாமா, படம் புடிக்கியளா?" என்று கேட்டுக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். அப்படி நின்று எடுத்துக்கொள்ள விரும்பும்போது அதையும் எடுத்துக் காட்டிவிட்டு, கேமராவை அவர்கள் கையிலேயே சிறிது நேரம் கொடுத்துவிடுவேன். புதுமை தீர்ந்ததும் விளையாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அதன்பின் படித்துறையில் அவர்கள் கண்மட்டத்துக்கு உட்கார்ந்து, ஷட்டர் ஓசையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதுதான் என் வேலை. எந்தப் பிள்ளையாவது வேண்டாம் என்றால் அன்று அந்தப் பிள்ளையை எடுப்பதில்லை.

ஜூனில் பருவமழை தொடங்குமுன், மதியச் சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் பாய் விரித்துத் தாயம் விளையாடுவதை எடுக்க வேண்டும். அங்கே வெளிச்சம் குறைவு என்பதால், கேமராவின் ஒளியுணர்திறனை (ஐ.எஸ்.ஓ.) 1600 வரை உயர்த்திப் பார்க்க எண்ணியுள்ளேன்.