லுக்சர், எகிப்து. ஷஅபான் மாதம் (இஸ்லாமிய ஆண்டின் எட்டாம் மாதம்)

பிப்ரவரி 3
ஓயாத காற்று. வெயிலில் பொங்கவைத்துச் சுடும் ரொட்டியான அய்ஷ் ஷம்சிக்கு இது ஆகாத நாள். களிமண் தட்டில் தவிடு தூவி, மாவு உருண்டையை வைத்து வெயில் காட்ட வேண்டும். கோடையில் சீக்கிரமே பொங்கிவிடும். இப்போது மதியம் தாண்டியும் அசையாது. பொறுக்காமல் அடுப்பில் வைத்தால் நடுவில் பசையாக நின்றுவிடும். துணி மூடாவிட்டால் மேல்தோல் காய்ந்துவிடும். பிறகு விளிம்பைக் கீறினாலும் ரொட்டியின் கொம்புபோன்ற முனைகள் விரியாது.

பிப்ரவரி 5
தஹ்தீப் என்னும் தடியாட்டத்துக்கான தடி ஏறக்குறைய 1.2 மீட்டர், 1.3 மீட்டர். பிரம்பு வளைந்து கொடுக்கும், மேடை ஆட்டத்துக்குப் போதும். கனத்த கட்டை வேறு. அதை வீசுவது எளிது, நிறுத்துவதுதான் பாடு. தோளைச் சேர்க்காமல் வெறும் மணிக்கட்டால் சுழற்றினால், நிறுத்துகிற கணத்தில் முழுப் பாரமும் மணிக்கட்டில் இறங்கும். பையனுக்கு நேர்ந்தது அதுதான். வீக்கம் அப்படியே.

பிப்ரவரி 6
தலை. தஹ்தீப்பில் குறி எல்லாம் தலைதான்.

பிப்ரவரி 8
நேற்றிரவு பார்த்ததில் மனம் ஆறவில்லை. இளைஞர்கள் தடியோடு தடி மோதி ஓசை எழுப்புகிறார்கள், கூட்டம் கைதட்டுகிறது. தஹ்தீப் ஓசைக்கான ஆட்டமல்ல. முதலில் சலாம். பிறகு தடியைப் பெரிய எட்டுப்போல் சுழற்றிக்கொண்டு இருவரும் சுற்றிவர வேண்டும். அந்தச் சுற்றில்தான் ஆட்டமே இருக்கிறது: எதிராளியின் கால் எங்கே ஊன்றுகிறது, எப்போது தடி கீழே இறங்குகிறது, தலை எந்த நொடியில் திறக்கிறது. திறந்ததைக் கண்டதும் வீச்சு, தலைக்குச் சற்று முன்னே நிறுத்தம். அடி விழவே கூடாது. தலைக்கு மேலே தடியைச் சாய்த்துப் பிடித்தவன் தப்பினான். பிடிக்காதவனுக்குத் தோற்றது தானே தெரியும். ஆட்டம் நீளக் கூடாது. தடி அடுத்தவர் கைக்குப் போக வேண்டும்.

2016இல் தஹ்தீப் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது நல்லதுதான். ஆனால் பட்டியலா நிறுத்தக் கற்றுத்தரும்? அபூசீரில் சஹூரே மன்னனின் பிரமிடு வளாகச் சிற்பங்களில் தடி ஏந்தியவர்கள் இருக்கிறார்கள், சுமார் 4,500 ஆண்டுகளாக. இவ்வளவு காலம் வந்தது வெறும் கைதட்டலில் கரைந்துவிடக் கூடாது.

பிப்ரவரி 9
வீக்கம் கொஞ்சம் வடிந்தது. பையன் தடி தொடக்கூடாது என்பதால் மணலில் சீகா, குழிகளில் கல் நகர்த்தும் ஆட்டம். 5க்கு 5, மொத்தம் 25 குழி. ஒருவருக்கு 12 கூழாங்கல், மற்றவருக்கு 12 செங்கல் துண்டு. முறைக்கு இரண்டாக வைக்க வேண்டும், நடுக்குழி காலி. வைக்கும்போது வெட்டு கிடையாது. நடுவை ஒட்டிய நான்கு குழிகளை விட்டுக்கொடுத்தால் முதல் நகர்த்தலே முடங்கும். எதிராளிதான் வழி திறக்க வேண்டிவரும். நகர்வு நேராக மட்டும், மூலைவாட்டில் இல்லை. இரு பக்கமும் நெருக்கினால் கல் போயிற்று. தானே இரண்டுக்கு நடுவே போய் நின்ற கல்லுக்கு ஆபத்தில்லை, நடுக்குழியில் நிற்பதற்கும் இல்லை. ஒருவர் சுவர்போல் அடைத்து உட்கார்ந்துவிட்டால் ஆட்டம் சாகும். பொறுமையுள்ளவர்கள் 7க்கு 7 போடுகிறார்கள்.

பிப்ரவரி 10
தும் தக், தும் தும் தக். ஆட்டத்துக்கு அடிக்கும் பெரிய மேளமான தப்ல் பலதியின் ஒரு பக்கம் தடித்த கோல், மறுபக்கம் மெல்லிய குச்சி. மிஸ்மார் என்னும் குழல் ஊதுபவர் கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு மூக்கால் இழுக்கிறார், அதனால் இசை அறுவதில்லை. ஒலிபெருக்கி வைத்ததும் தடித்த கோலின் ஒலி இரைச்சலில் கலந்துவிடுகிறது. காலை எதை நம்பி வைப்பது?

பிப்ரவரி 11
பையன் விரல்களை மூடித் திறக்கிறான்.

பிப்ரவரி 12
நாளை சூஃபி ஞானி அபுல் ஹஜ்ஜாஜின் மவ்லிது என்னும் விழா, ஷஅபான் 14. படகு ஊர்வலத்துக்குப் பின் கூட்டம் எல்லாம் தஹ்தீப் வட்டத்தை நெருக்கும். கையும் தடியும் சேர்ந்தால் ஒருவரின் வீச்சு சுமார் 2 மீட்டர். இருவருக்கும் அதைவிடக் கூடுதலாக இடம் விட வேண்டும். முன்வரிசையைத் தரையில் உட்காரவைக்க வேண்டும், சிறுவர்களைப் பின்னுக்கு அனுப்ப வேண்டும். வட்டத்தைக் காக்க ஓர் ஆள் போதாது